குல்லாய் என்று நினைத்துப் பின்னியவை

யுத்தம் நடந்த காலத்தில் நாங்கள் நசரத்பேட்டையில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மாமியாரும்தான். என் வீட்டுக்காரர் கல்யாணமான எட்டாம் மாதமே பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். பர்மா எல்லைப் பக்கம் என்று பேச்சு. அவர் கடிதத்தில் ஊர்ப் பெயர் வருகிற இடத்தையெல்லாம் கறுப்பு மையால் அடித்துத்தான் அனுப்புவார்கள்.

பூந்தமல்லியில் நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, அடிபட்ட சிப்பாய்களுக்குக் கம்பளி நூலில் பின்னித் தருவதற்காகச் சனிக்கிழமைகளில் பெண்களைக் கூட்டினார். எனக்குப் பின்னல் நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும். ஆள் அனுப்பினார், போனேன். முதலில் கழுத்துத் துணி, பிறகு காலுக்கு மேஜோடு. ஒரு நாள் புதிதாக ஒரு மாதிரியைக் கையில் கொடுத்து, "இதே போல நாலு ஊசியில், தையல் இல்லாமல் வரவேண்டும். உன்னால்தான் முடியும்" என்றார். குதிகால் இல்லை, பாதம் இல்லை. நீளமாக ஒரு பை, ஒரு முனை உருண்டையாக மூடியிருந்தது. ஏதோ குல்லாய் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் கம்பளி நூலைத் தொட்டால் கை வேர்த்து நூல் ஒட்டும். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்துப் பின்னுவேன். மாமியார் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"இன்னாமே இது, இம்மா நீட்டு குல்லா? எந்த ஊரு கொயந்தைக்கு இப்டி தலை கீது?"

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தலையில் அதை மாட்டிப் பார்த்தோம். மூக்கு வரை இறங்கிவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆறு பின்னி முடித்ததும் டீச்சரம்மா எங்களில் மூன்று பேரை மாட்டு வண்டியில் ஆவடிக்குக் கூட்டிப் போனார். பட்டாள முகாமில் கீற்றுக் கொட்டகை போட்டு ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் மருந்து நெடி. மூன்றாவது கட்டிலில் இருந்தவர் தமிழ் ஆள். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். டீச்சரம்மா நான் பின்னியதில் ஒன்றை அவரிடம் நீட்டினார்; மற்ற ஐந்தும் வேறு ஐந்து பேருக்கு. அவர் போர்வையை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல, மெதுவாக, அந்த முனையில் நான் பின்னியதை ஏற்றினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"யாரும்மா பின்னுனது இத்த?"

டீச்சரம்மா என்னைக் காட்டினார்.

"முன்னாடி குடுத்ததுல உள்ள தையல் இருந்திச்சி. உரசி உரசித் தோலு போயி புண்ணாயிட்ச்சி. இது மெத்துன்னு கீது. இன்னும் ரெண்டு இருந்தா தோச்சி மாத்திக்குவேன்."

"அடுத்த வாரம் கொண்ணாறேன்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததே எனக்குத் தூரத்தில் கேட்டது.

மறுநாளே ஊசியில் கண்ணி ஏற்றினேன். நாலு விரற்கடை வந்ததும் அளவு சரியா என்று இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் என் கை எந்தக் காலை நினைத்து அளவு பார்த்தது என்று. பட்டாளத்துக்குப் போகுமுன் தினம் வண்டி ஓட்டிவிட்டு வந்து என் வீட்டுக்காரர் கால் நீட்டுவார், நான் பிடித்துவிடுவேன். அந்தக் கெண்டைக்கால் அளவு. அவரிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பின்னப் பின்ன அங்கே அவருக்கு ஏதோ நடப்பது போல ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஊசியை உருவி, நூலை முழுவதும் பிரித்துவிட்டேன்.

டீச்சரம்மாவிடம் விரல் வீங்கியிருக்கிறது என்று பொய் சொன்னேன். கழுத்துத் துணி மட்டும் பின்னித் தருகிறேன் என்றேன். அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, கழுத்துத் துணிக்கு நூல் எடுத்துக் கொடுத்தார். ஆவடிக்கு வண்டி கட்டிய நாட்களிலெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பினேன். மாமியார் மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"அந்தப் புள்ளாண்டானுக்கு ரெண்டு தர்றேன்னு சொன்னியே, இன்னா ஆச்சி?"

நான் பயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் வுடு" என்றார். பெற்றவருக்கும் அதே பயம்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. மலேரியாவில் படுத்திருந்தாராம், இப்போது நடமாடுகிறாராம். அதை மாமியாருக்குப் படித்துக் காட்டி முடித்த கையோடு பின்ன உட்கார்ந்தேன். மூன்றே நாளில் இரண்டையும் முடித்து டீச்சரம்மாவோடு ஆவடிக்குப் போனேன்.

மூன்றாவது கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அங்கே தரை துடைக்கிற ஆளிடம் கேட்டேன்.

"அவரா? புண்ணு ஆறவே இல்லம்மா. சீழ் வெச்சி, முட்டிக்கு மேலயும் எடுத்துட்டாங்க. வேற ஊரு ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்சிட்டாங்க. எந்த ஊருன்னு தெரியாது."

கம்பளியால் புண் ஆறாது என்று டீச்சரம்மா வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தார். இருக்கலாம். மாற்றிப் போட இன்னொன்று இல்லாமல் அந்தச் சிப்பாய் பழைய தையல் வைத்ததையே போட்டாரோ, ஈரத்தோடு போட்டாரோ, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

அதன் பிறகு அந்தக் கொட்டகைகளைப் பிரிக்கும் வரை, வெட்டுப்பட்ட காலுக்கான அந்த உறையைத் தவிர நான் வேறு எதையும் பின்னவில்லை. பின்னும்போதெல்லாம் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடுதான் பின்னினேன்.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. கை கால் எல்லாம் நன்றாக இருந்தன. மாமியார் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். பல மாதம் கழித்து ஒரு நாள் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்காவத்தானே பயந்தே? நான்தான் வந்துட்டேனே" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்; என் நினைப்பு அந்த மூன்றாவது கட்டிலில் இருந்தது. நான் எழுந்துபோய் உலையில் அரிசியைப் போட்டேன்.