மடியில் உப்பிய மாவு

கல்யாணமாகி, அடிவாரத்துத் தாப்பா ஊரின் வெயிலிலிருந்து மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில், பகல் எது கனவு எது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மத்தியானத்திலேயே பனி சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரே இருந்த தொழிலாளர் லயத்து வீடுகள் இருந்தாற்போலிருந்து காணாமல் போகும். கொஞ்ச நேரம் கழித்து, கொடியில் காயும் துணியோடு அப்படியே திரும்பி வரும். எண்பதுகளின் தொடக்கம் அது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். அவருடைய தங்கை துரை பங்களாவில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா நின்ற அடுப்படியில் வேறொருத்தி நிற்பதை அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை போலும். சண்டை போட மாட்டாள், பேசவும் மாட்டாள். நான் போடும் சோற்றைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனுக்குப் போனவள் ஒரு பையோடு திரும்பி வந்தாள். அடுப்படி வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினாள்.

"பங்களாவுக்கு ஒரு ஜெர்மன்காரம்மா விருந்துக்கு வந்திருந்தாங்க. சோசேஜ் மேல மாவச் சுத்தி ரொட்டி சுட்டாங்க. பிரெட்செல் மாவாம். எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. அதத் தின்னதுலேருந்து அதே நெனப்பாவே இருக்கு. இங்க செய்யலாமா?"

பையில் கோழி சோசேஜும், சின்னப் பொட்டலத்தில் ஈஸ்டும், ஆப்பசோடாவும் இருந்தன. அந்த வீட்டில் அவள் என்னிடம் பேசிய முதல் நீளப் பேச்சு அதுதான். செய்யத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. மாவுச் சட்டியை எடுத்து நடுவில் வைத்தேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, மாவைப் பிசைந்தோம். அவள் பிசைவாள், கை ஓய்ந்ததும் நான் வாங்கிக்கொள்வேன். மாவு காதுமடல் மாதிரி மெத்தென்று வந்தது. ஆனால் மூடிவைத்து எத்தனை நேரம் போயும் அது எழும்பவில்லை. பங்களாவில் சூடான அடுப்புப் பக்கத்தில் வைத்தார்களாம். எங்கள் அடுப்படியிலோ தேங்காய் எண்ணெயே உறைந்து கிடந்தது.

"செத்துப்போச்சுலா" என்றாள். கண் கலங்கிவிட்டது.

"குளுருதும்மா அதுக்கு. நமக்கே குளுருது, அதுக்கு இருக்காதா?"

கட்டிலிலிருந்து கம்பளியை எடுத்துச் சட்டியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். அவளும் கம்பளியின் ஒரு நுனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே பனி வழிந்து போய்க்கொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை மெல்ல ஆரம்பித்தது. ஏதோ ஒரு தூக்கம், எங்கள் இருவரையும் சேர்த்து மூடியது. தேயிலைச் செடிகள் எல்லாம் மூச்சு விட்டு மெதுவாக உப்புவது போலக் கனவு கண்டேன்.

விழித்தபோது மடி கனத்தது. மாவு சட்டி விளிம்பைத் தாண்டித் துணியை மேலே தூக்கியிருந்தது. என் தோளில் தலை சாய்த்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து குழந்தை மாதிரித் தூங்கினாள். எழுப்ப மனசு வரவில்லை. தானாகவே கண் திறந்தவள் மாவைப் பார்த்து, "அண்ணி! எழும்பிருச்சு அண்ணி!" என்று கத்தினாள். என்ன சொல்லி அழைத்தோம் என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் மாவைக் கயிறாக உருட்டி, சோசேஜின் இரண்டு முனையும் வெளியே தெரியச் சுற்றினோம். சோடா போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, கல்லுப்பைப் பொடித்துத் தூவினோம். ஓவனுக்கு எங்கே போவது? பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கி, கவாத்துச் செய்த தேயிலைக் கட்டையின் தணலைக் கீழேயும் மூடிமேலேயும் போட்டோம். அடி கொஞ்சம் கருகியது. மேல்பக்கம் மட்டும் பளபளவென்று, நன்றாகக் காய்ச்சிய தேநீரின் நிறத்தில் சிவந்திருந்தது.

நனைந்துகொண்டே வந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துத் தயங்கினார். "என்னா இது, மலைப்பாம்பு சுத்துன மாதிரி?"

"தின்னுட்டுப் பேசுண்ணே" என்றாள் தங்கை.

அவர் தின்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

மிச்சத்தை முறத்தில் வைத்துக்கொண்டு நானும் அவளும் ஒரே குடையில் லயம் முழுக்கப் போனோம். பனிக்குள் கதவுகள் திறந்தன, கைகள் நீண்டன. யாருடைய கை என்று பார்க்காமலே கொடுத்துக்கொண்டே நடந்தோம். முறம் காலியான பிறகும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தன் அம்மா எப்படிச் சிரிப்பார், எந்தப் புடவை அவருக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெள்ளையாகிப்போன அந்தப் பாதையில், கேட்டுக்கொண்டே நானும் நடந்தேன்.