அம்மா போட்ட இரண்டு புள்ளடி

இந்த நினைவு மலர் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் வெளிநாட்டிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான். "அக்கா, எல்லாம் வாசிச்சனான். நல்லா இருக்கு. அந்த எலெக்சன் கதையை மட்டும் எடுத்துவிடுங்கோ. செத்த மனிசியின்ர மலரில அது என்னத்துக்கு?" என்றான். நான் எடுக்கவில்லை. ஓராண்டுத் திருப்பலி முடிந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, நீங்கள் அந்தக் கதையைத்தான் முதலில் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தேட வேண்டாம். முழுக் கட்டுரையும் அதுதான். கண் தெரியாத புருசனின் வோட்டைக் களவெடுத்தவ என்று அம்மாவை வருடக்கணக்காக முதுகுக்குப் பின்னால் கதைத்தீர்கள். அம்மா ஊருக்குப் பதில் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிறேன்.

அம்மா விடத்தல்தீவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நாலாவது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. படிப்பு ஏறாமல் நிற்கவில்லை, கரைக்கு வருகிற இறாலைத் தெரிந்தெடுக்க வீட்டில் கை போதவில்லை. இருபது வயதில் பள்ளிமுனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா கடற்தொழிலாளி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது சண்டை வந்து, இரவல் படகில் கடல் கடந்து இந்தியாவில் முகாமில் இருந்தோம். தம்பி அங்கேதான் பிறந்தான்.

முகாம் வாழ்க்கையில் பட்ட கஷ்டங்களை அம்மா அதிகம் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். அங்கே தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் தெருத்தெருவாகக் கும்பிட்டுக்கொண்டு போவார்களாம். முகாம் வரிசைக்கு வந்ததும் கும்பிட்ட கையை இறக்கிவிடுவார்களாம். அந்த வரிசை முடிந்ததும் திரும்பக் கும்பிடுவார்களாம். "எங்களுக்கு வோட்டு இல்லை எண்டு தெரிஞ்சு கைக்கு ஓய்வு குடுத்தவங்கள்" என்று சொல்லும்போது அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் நாலு சுவர் மட்டும் இருந்தது. வந்த கிழமையே அம்மா கிராம சேவகரிடம் போய் வாக்காளர் இடாப்பில் பெயர் பதியக் கேட்டு நின்றார். அப்பாவுக்குக் கோபம். "கூரை இல்லாத வீட்டுக்கு வோட்டு ஒரு கேடோ?" என்றார். "கூரையைப் பிறகு போடலாம். பேரை இப்ப போட்டாத்தான்" என்றார் அம்மா. கூரை போட அதற்குப் பிறகு பல மாதம் ஆனது. பெயர் அந்த வருட இடாப்பிலேயே வந்துவிட்டது.

இவ்வளவு ஆசையாகப் பெயர் பதிந்த மனிசி, தேர்தல் வந்தால் என்ன செய்தார்? அப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். தபால்காரர் கொண்டுவரும் வாக்காளர் அட்டைகளை அப்பா வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். தேர்தல் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் அலுமாரியைத் திறந்து, கதிரையில் இருந்துகொண்டு, கோயிலில் நன்மை அப்பம் கொடுக்கிற சுவாமி மாதிரி ஆளுக்கு ஒரு அட்டையாகத் தருவார். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சின்னத்தைக் கீறி, அதற்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரிப் பெரிய புள்ளடியும் போட்டுக் காட்டுவார்.

"விளங்கிச்சுதோ?" என்பார்.

"ஓம்" என்பார் அம்மா.

"வேற இடத்தில போட்டிடாத."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

எனக்கு வோட்டு வந்த முதல் வருடம் எனக்கும் அதே தாள்தான். எங்கள் ஒழுங்கையில் அநேகமான வீடுகளில் இதுதான் வழக்கம். வீட்டுக்காரர் கட்சிக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வருவார், "எங்கட வீட்டில நாலு" என்று. அந்த நாலில் மூன்று அவருடையது இல்லை என்பதை எவரும் யோசிப்பதில்லை.

பிறகு அப்பாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், முற்றியது. முதலில் ஒரு கண், அடுத்து மற்றது. வெளிச்சம் தெரியும், எழுத்துத் தெரியாது. அந்த நேரம் பார்த்து உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் நின்றவர் அப்பாவின் மச்சான். எனக்கு மாமா முறை. வள்ளங்கள் வைத்திருப்பவர், கரையில் அவர் சொல் எடுபடும். அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். மீன் தெரிந்தெடுக்கும் பெண்களுக்குக் கரையிலே ஒரு மலசலகூடம் கட்டித் தரச் சொல்லி ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தவர். அம்மாவும் அதே கரையில் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் நின்று வேலை செய்தவர்தான். ஏன் குடிக்கவில்லை என்று பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கண் தெரியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போய் வோட்டுப் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. அம்மாவே கிராம சேவகரிடம் படிவம் எடுத்து, வைத்தியரிடம் ஒப்பம் வாங்கி வந்தார். அந்தத் தேர்தலில் அலுமாரியைத் திறந்ததும் அம்மாதான். கலண்டர் தாள் இல்லை. "மச்சானுக்குத்தான், தெரியுந்தானே" என்றார் அப்பா. "ஓம், வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவின் சீட்டில் அம்மாவின் கை புள்ளடி போட்டது. பிறகு அம்மா தன்னுடைய சீட்டை வாங்கித் தனியாகப் போட்டார்.

வாக்குகளை, வோட்டுப் போட்ட பள்ளிக்கூடத்திலேயே எண்ணினார்கள். மாமா தோற்றுப்போனார். ஒரு கை விரலுக்குள் அடங்குகிற வித்தியாசம். அந்தப் பெண் வென்றார்.

அடுத்த நாள் பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தார். பின்னால் நாலைந்து பேர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, மச்சான்ர வோட்டை எங்க போட்டனீ?"

"அவர் சொன்ன இடத்தில."

"அப்ப மடு மாதா மேல சத்தியம் பண்ணு."

அம்மா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். "அண்ணை, நான் சொன்னது காணாதோ? மாதாவை வோட்டுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடாதேங்கோ. நான் சத்தியம் பண்ண மாட்டன்."

"களவு செய்யாட்டிப் பண்ணுறதுக்கு என்ன?"

"இண்டைக்கு நான் பண்ணினா நாளைக்கு இந்த ஒழுங்கையில இருக்கிற எல்லாப் பொம்பிளையும் பண்ண வேணும். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

ஒருவரும் குடிக்கவில்லை. அவர்கள் போன பிறகு, இவ்வளவு நேரமும் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா மெல்லக் கேட்டார். "உண்மையைச் சொல்லு. என்ர வோட்டை எங்க போட்டனீ?"

நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா அப்பாவுக்கு முன்னால் போய் நின்று சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "உங்கட வோட்டை நீங்கள் சொன்ன இடத்திலதான் போட்டனான். கை நடுங்கிச்சுது, எண்டாலும் போட்டனான். என்ர வோட்டைத்தான் கலியாணம் முடிச்ச நாள் தொட்டு ஒருக்காலும் நீங்கள் சொன்ன இடத்தில போடேல்லை."

கடவுளே! அப்பா கைத்தடியை எடுத்தார், வைத்தார். "ஒருக்காலும்?" என்றார். "ஒருக்காலும்" என்றார் அம்மா. அப்பா மூன்று கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை. அம்மா மூன்று வேளையும் சோற்றைக் குழைத்துக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஊர் செய்தது வேறு. செபமாலை மாதத்தில் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் வைப்பது எங்கள் ஒழுங்கை வழக்கம். அந்த வருடம் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கியவர்கள் எங்கள் படலையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் அழுதேன். அம்மா படலையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்று, சுரூபம் கடந்து போகும்வரை "அருள் நிறைந்த மரியே" என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து என்னிடம், "ஏன் அழுறாய்? மாதா வரமாட்டன் எண்டு சொல்லேல்லை. தூக்கின ஆக்கள்தான் சொன்னவை" என்றார். அதைத் தூக்கியவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருந்து இதை வாசிக்கிறீர்கள். நன்றாக வாசியுங்கள்.

அடுத்த தேர்தல் வந்தபோது மாமா திரும்ப வந்தார். இந்த முறை கதிரையில் உட்கார்ந்தார். "மச்சான், இந்த முறை உன்னை நான் கூட்டிக்கொண்டு போறன். பொம்பிளையளை நம்பி இருக்கேலாது" என்றார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று நான் காது கொடுத்து நின்றேன். இவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்ததற்கு அம்மாவுக்குக் கிடைக்கப்போகிற தீர்ப்பு அதுதானே.

"வேண்டாம் மச்சான். மனிசிதான் வருவா."

"அவ உனக்கு மாறாப் போடுறவ எண்டு ஊருக்கே தெரியும்."

"அது அவவின்ர வோட்டு. என்ர வோட்டை அவ எனக்குப் போடுவா. நீ உனக்குப் போடுவாய்."

மாமா எழும்பிப் போய்விட்டார். அன்றைக்கு அப்பாவுக்குச் சீனி என்று மறைத்து வைத்திருந்த பனங்கட்டியில் ஒரு துண்டு தேநீரோடு அப்பாவிடம் போனது, நான் கண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் இருவரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரின் சின்ன விரலிலும் மையோடு திரும்பி வந்தார்கள். போகும் வழியெல்லாம் வாக்குவாதம். அப்பா ஒரு ஆளைப் புகழ்வார், அம்மா கிழித்துப் போடுவார். அம்மா சொன்ன ஒன்றிரண்டு நியாயம் அப்பாவின் வாயிலிருந்து பிறகு கடற்தொழிலாளர் சங்கத்தில் வந்ததாகவும் கேள்வி. அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

போன வருடம் அம்மாவுக்கு நெஞ்சு நோ வந்தது. மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி உபதேசம் எதுவும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு மீன் முள்ளைப் பார்த்து எடுத்துக் குடு" என்பதுதான் என்னிடம் சொன்ன கடைசி வேலை.

அம்மா இறந்து சில மாதத்தில் மறுபடி ஒரு தேர்தல். அம்மாவின் அட்டையும் சேர்ந்தே வந்தது. அப்பா தடவிப் பார்த்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துணைக்கு நான் போனேன். சீட்டை விரித்ததும் அப்பா என் காதுக்குள் ஒரு சின்னத்தைச் சொன்னார். எனக்குப் பிடிக்காத சின்னம். உள்ளதைச் சொல்கிறேன், என் கை நின்றுவிட்டது. பென்சிலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவின் கை அன்றைக்கு ஏன் நடுங்கியது என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. மலசலகூடம் கேட்ட பெண்ணின் சின்னம் கண்ணுக்கு முன்னால் இருக்க, அந்தக் கை மாமாவுக்குப் புள்ளடி போட்டிருக்கிறது. நானும் அப்பா சொன்ன இடத்தில் போட்டேன்.

வெளியே வந்து முச்சக்கரவண்டிக்கு நிற்கும்போது அப்பா கேட்டார். "பிள்ளை, உன்ர வோட்டை எங்க போட்டனீ?"

"அதை அம்மாட்டக் கேளுங்கோ" என்றேன்.

அம்மா போன பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடிய அழுதார். நானும்தான்.

இனி நன்றி சொல்ல வேண்டும். திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், தோட்டவெளியிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. பந்தலும் கதிரையும் கொண்டுவந்து, கடைசியில் பெட்டிக்குத் தோளும் கொடுத்த மாமாவுக்கும் நன்றி. அதை நான் மறக்கவில்லை, மற்றதையும் மறக்கவில்லை.

கடைசியாக மூன்று பெண்களுக்கு நன்றி. செத்த வீட்டில் ஒருவரும், எட்டாம் நாள் எட்டுச் செலவன்று ஒருவரும், முப்பத்தோராம் நாள் ஒருவருமாக, தனித்தனியே என் கையைப் பிடித்து ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "உன்ர மாமா தோத்த அந்த எலெக்சனில நானும் என்ர மனிசன் சொன்ன இடத்தில போடேல்லை, பிள்ளை. கொம்மா அண்டைக்குச் சத்தியம் பண்ணியிருந்தா, அடுத்தது என்ர வாசலுக்குத்தான் வந்திருப்பினம்." மூவரும் எங்கள் ஒழுங்கைதான். மூவருடைய புருசன்மாரும் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். எந்த மூன்று வீடு என்று என்னிடம் கேட்டு வர வேண்டாம். நானும் சத்தியம் பண்ண மாட்டேன்.