22/7 போட்ட சீட்டு

தொண்ணூற்றொன்றில், டிப்ளமோ முடித்த கையோடு மண்ணூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம் என்றிருந்தார்கள். மில்லிங் மெஷினில் பல் வெட்டுகிறவருக்கு, பல்லுக்குப் பல் எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. அவரை அண்ணன் என்பேன். சீட்டில் இருப்பதை அப்படியே வெட்டுவார், ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

அன்றைக்குப் பல்சக்கரம் ஏறி ஓடுவதற்காக நூறு பல் வெட்ட வேண்டிய இரும்புச் சட்டம். அந்தக் கணக்கில் பை (π) வரும். பள்ளிக்கூடப் பழக்கத்தில் 22/7 போட்டேன். நாலு தடவை சரிபார்த்தேன் வேறு, அதே 22/7-ஐ வைத்து. பெரிய புத்திசாலி.

மத்தியானம்தான் வரைபடத்தின் மூலையில் மொத்த நீளம் கண்ணில் பட்டது. 1256.64. என் சீட்டின் கடைசி வரியில் 1257.14. அரை மில்லிமீட்டர் அதிகம். அண்ணன் எண்பதாவது பல்லைத் தாண்டியிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நானோ வரைபடம்தான் தப்பு என்று காட்டக் கால்குலேட்டரை எடுத்தேன். பையைக் கண்டுபிடிக்கப் பாலிடெக்னிக்கில் படித்த முடிவிலாத் தொடர்: 4 − 4/3 + 4/5 − 4/7 என்று போய்க்கொண்டே இருக்கும். இருபதாவது உறுப்பு வரை போட்டால் 3.09, இன்னொன்றைச் சேர்த்தால் 3.19. அது நிலைக்கு வர ஒரு வருஷம் ஆகும்போல் இருந்தது. கடைசியில், 22/7-ஐவிடத் துல்லியமான 355/113 ஞாபகம் வந்தது. போட்டுப் பார்த்தேன். 1256.64. வரைபடம்தான் சரி.

வெட்டி முடித்து அண்ணன் கை கழுவப் போனார். ஸ்பேனருக்கு அடியில் என் சீட்டு இருந்தது. எடுத்துக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

சூப்பர்வைசர் வந்து அளந்தார்.

"இன்னாய்யா இது, அர மில்லி ஜாஸ்தி கீது?"

"சீட்ல இருந்ததத்தான் சார் வெட்னேன்."

"எங்க சீட்டு?"

அண்ணன் ஸ்பேனரைத் தூக்கினார். சட்டைப்பையைத் தடவினார். "இங்கதான் சார் வச்சிருந்தேன்" என்று குனிந்து, வெட்டி விழுந்த இரும்புச் சுருளுக்குள் தேடினார்.

"நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

அண்ணன் மறுபடியும் குனிந்து தேடினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. சீட்டை மெஷின் மேல் வைத்தேன்.

"தப்பு என்னோடது சார். சீட்ட எடுத்ததும் நான்தான்."

சூப்பர்வைசர் கத்தித் தீர்த்தார். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று விட்டார். அண்ணனின் வேலையும் தப்பியது.

மறுநாள் 355/113 போட்டுப் புதுச் சீட்டு கொடுத்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்து, என்னை எதிரில் நிற்கவைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகுதான் மெஷினைப் போட்டார். நான் அங்கிருந்து கிளம்பிய நாள் வரை அப்படித்தான் செய்தார்.