குலதெய்வம் கோயிலுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

இலுப்பூர் அரிசி ஆலைக் கொட்டகையில் நிற்கும் கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க, துபாயிலிருந்து திரும்பிய நண்பர் செல்வத்துக்கு ஆசை. இன்று காலை பழைய கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்டார்.

"மழை பேஞ்சா தண்ணித் தொட்டிதாங்க" என்றார் ஒருவர்.

"பார்ட்ஸ் கெடைக்காது, விட்ருங்க" என்றார் கணேசன்.

செல்வம் அசையவில்லை. அவர் மனைவி கேட்டதுதான் அசைத்தது: "மொதல்ல குலதெய்வம் கோயிலுக்குத்தானே கொண்டுபோகணும்? ஓட்டுறது நீங்க. மிச்சம் ஒரே சீட்டு. அதுல அத்தையா, நானா?"

வேண்டாம் என்று சொல்ல ஆலைக்காரரை அழைத்தார்.

"பரவாயில்லைங்க. ஒங்க குரூப்பு கணேசன் இங்கிட்டுதான் காரைச் சுத்திச் சுத்தி வாராரு."

"அவருக்குக் குடுத்துடாதீங்க, இந்தா வாரேன்!"

கார் முடிவாகிவிட்டது. சீட்டு முடிவாகவில்லை. அனுபவசாலிகள் கருத்துச் சொல்லலாம்; கணேசன் தவிர.