உப்பில்லாத பழம்

அண்ணனுக்குக் கிட்னி பழுது என்று தெரிந்ததும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். எங்கள் புதூர்நாட்டு மலை ஜனங்களுக்கு எதையும் குறைக்கத் தெரியாது, விட்டால் அடியோடு விடுவார்கள். அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உப்பு ஜாடியைக் காவல் காத்தார். உப்பில்லாத களி, உப்பில்லாத குழம்பு. அண்ணன் முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினார்.

நான் திருப்பத்தூரில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். கோடை லீவுக்கு மலையேறிய அன்று ஊரே பலா வாசம். எங்கள் குடியிருப்பில் பலா பழுத்தால், உடம்பு சரியில்லாதவர் இருக்கும் வீட்டுக்கு முதல் பங்கு போகும். அதன் பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள். அப்படி வந்த சுளைகளைத்தான் அண்ணன் பல நாளாகச் சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"காலு மரக்கட்டையாட்டம் கீதும்மா" என்றார்.

ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரியில் ஈசிஜியைப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"பொட்டாசியம் தாறுமாறா ஏறிக் கெடக்கு. எந்த நேரமும் இதயம் நின்னுடலாம். இன்னா சாப்ட்டாரு?"

"உப்ப கண்லயே காட்லீங்க" என்று அழுதார் அண்ணி. "பலாச்சுளைதாங்க. அதுல ஏதுங்க உப்பு?"

என் தலையில் இடி விழுந்தது. பலாவில் பொட்டாசியம் ஏராளம், பழுதான கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாது. உப்பில் இருக்கும் சோடியமும் இந்தப் பொட்டாசியமும் தனிம அட்டவணையின் முதல் தொகுதியில் மேலும் கீழுமாக நிற்பவை. "ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். கீழே இறங்க இறங்க அதை உதறும் அவசரம் அதிகம். தண்ணீரில் போட்டால் சோடியம் சீறும், பொட்டாசியம் பற்றியே எரியும்" என்று வருஷா வருஷம் வகுப்பில் முழங்குகிறேன். உடம்புக்குள் இருப்பதோ எலக்ட்ரானை உதறிவிட்டு அடங்கிப்போன சாது. அந்தச் சாது கூட்டம் கூடினால் ஆளையே கொல்லும் என்று என் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

நர்ஸ் நரம்பில் ஊசி ஏற்றினார். என்ன மருந்து என்று கேட்டேன்.

"கால்சியம்ங்க. இதயத்துக்குக் காபந்து."

அட்டவணையில் பொட்டாசியத்துக்கு அடுத்த கட்டம்! கொல்ல வந்ததும் காக்க வந்ததும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அண்ணன் பிழைத்தார். வீடு திரும்பியதும் அண்ணி எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அத்தை தட்டு நிறையப் பலாச்சுளையோடு வந்து நின்றார்.

"அத்தே, இன்னா இது?" என்று கத்தினேன்.

"பொழச்சி வந்தவர வெறுங்கையோடவா பாக்கறது? பொட்டாசியமும் ஒரு உப்புதானாமே. அதான் சுளைய நல்லா கழுவி எடுத்தாந்தேன்."

தட்டைப் பறிக்கப் போனேன். அதற்குள் அண்ணனின் கை தட்டுக்கு நீண்டுவிட்டது.