கரையேறிய அம்பு

திரையில் ஓர் அம்பு கடலை விட்டு மணலில் ஏறி நிற்பதை மேப் மேடம் விரல் நகத்தால் தட்டிக் காட்டிய கணம் இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. "சார், இந்தத் தண்ணி பஸ்ஸு புடிச்சு எங்க திருமுல்கேரிக்கு வருது போல" என்றார். பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அம்புகளை வரையும் கணினி நிரல் நான் எழுதியது.

கடலே இல்லாத ஹைதராபாத்தில் உட்கார்ந்து கடல் நீரோட்டத்தை வரைவது எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. மேப் மேடம் என் பிரிவின் தொழில்நுட்ப உதவியாளர். வரைபடங்கள் அவர் கையால் வெளியே போனதால் அந்தப் பெயர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தின் திருமுல்கேரியில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். பேச்சை விட்டு மட்டும் திருநெல்வேலி போகவில்லை. நான் பிரிவுத் தலைவர். எந்தப் படிவம் எத்தனை பிரதி, எந்த மேசைக்குப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். வேறு திறமை குறைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கணினிக்குக் கடல் என்பது சதுரம் சதுரமான பெட்டிகள். தண்ணீரின் வெப்பத்தைப் பெட்டியின் நடுவில் வைப்பார்கள். கிழக்கு மேற்காக ஓடும் வேகம் பக்கச் சுவர்களில் இருக்கும். வடக்கு தெற்காக ஓடுவது மேல், கீழ்ச் சுவர்களில். எந்தச் சுவர் வழியாக எவ்வளவு தண்ணீர் வந்தது, போனது என்று கணக்கிட அதுதான் வசதி. ஆனால் அம்பு வரைய இரண்டு வேகமும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களின் எண்களைக் கூட்டிப் பாதியாக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நான் இடது சுவர் எண்ணையும் கீழ்ச் சுவர் எண்ணையும் அப்படியே எடுத்து ஒரே புள்ளியில் கட்டிவைத்திருந்தேன். நடுக்கடலில் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படாது. கரையோரத்தில் அரைச் சதுரம் நகர்ந்தால் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும்.

மேடம் இதையெல்லாம் சொல்லித் திருத்தக் கோரிக்கைப் படிவமும் கொடுத்தார். அதற்கு நிரலை எழுதியவரின் ஒப்புதல் தேவை. நிரலை எழுதியவர் அதை மூன்று வாரம் மேசைத் தட்டிலேயே வைத்திருந்தார். வாராந்தரப் படம் போகும் நாளில் மேடம் தானே திருத்தி அனுப்பிவிட்டார். "போன வாரம் மாதிரி இல்லையே?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

பதில் சொல்லும் முன் ஒரு பெட்டிக்கு மட்டும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடம் சொன்னது சரி. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மெமோவில் கையெழுத்திட்டேன்: அனுமதியின்றி நிரலை மாற்றினார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு நின்றது. அனுப்புகைப் பிரிவுக்கு மாற்றினார்கள். உறை ஒட்டியே ஓய்வு பெற்றார். ஆறு மாதம் கழித்து அரைச் சதுரத் திருத்தத்தோடு புதிய நிரலை என் பெயரில் வெளியிட்டேன். இயக்குநர் கைகுலுக்கினார்.

நானும் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது. போன மாதம் அலுவலகத்தின் இப்போதைய பிரிவுத் தலைவர் போன் செய்தார். பழைய நிரல்களைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறாராம். "அந்த அரைச் சதுரத் திருத்தம் உங்க ஐடியாதானே சார்?" என்றார். "ஆமாம்" என்று வாய் சொல்லிவிட்டது. யாரும் மிரட்டவில்லை, பதவியும் இல்லை, இருந்தும் சொன்னேன். மறுநாள் காலை ஏ.எஸ்.ராவ் நகரில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துத் திருமுல்கேரியில் மேடம் வீட்டுக்குப் போனேன்.

மேடம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாணி உரித்த கை நிற்கவில்லை. "தெரியும் சார். புது நிரல் வந்த அன்னைக்கே தொறந்து பாத்தேன். நான் எழுதுன வரிதான். வரிசையக்கூட நீங்க மாத்தல."

மெமோவைத் திரும்பப் பெற ஓய்வு பெற்றவனுக்கு அதிகாரம் இல்லை என்றும், யாருக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் விளக்க ஆரம்பித்தேன். மேடம் சிரித்துவிட்டார்.

"நக்கோ சார், வேணாம், இன்னொரு காகிதமா? அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வாசிச்சீங்கல்லா, இப்ப எம் மவன்கிட்ட சொல்லுங்க. அம்மா ஏதோ தப்பு பண்ணித்தான் கவர் ஒட்டப் போட்டாங்கன்னு நெனச்சே வளந்தவன்."

உள்ளிருந்து மகன் வந்தான். நாற்பது வயதிருக்கும். நான் எழுந்து நின்றேன். "தப்பு என்னுடையது. திருத்தியது உன் அம்மா. தெரிந்தேதான் மெமோ கொடுத்தேன்" என்றேன். வாழ்நாளில் கோப்பு எண், பார்வை எண் எதுவுமில்லாமல் நான் சமர்ப்பித்த ஒரே அறிக்கை.

அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னிடம், "ஆஃபீஸ் கோ போலே க்யா, அங்கிள்?" என்றான். அலுவலகத்தில் சொன்னீர்களா என்கிறான்.

இல்லை என்று தலையசைத்தேன். அவன் என் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தான். எடுத்து, இப்போதைய பிரிவுத் தலைவரின் எண்ணை அழுத்தினேன்.

"விடுடா, சார் வீடு தேடி வந்து சொன்னதே போதும்" என்றார் மேடம்.

அவன் விடவில்லை. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கக்கூடாதே என்று அப்போதும் ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்கள்.