மைனஸ் மூன்று

பரானா நகரில் விதைக்கடை நடத்தும் எதெல்வினா, சிலி நாட்டு எவாரிஸ்தோவோடு இணையத்தில் தபால் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு நகர்வுக்கு ஐந்து நாள் அவகாசம். கணினியைக் கேட்டு ஆடலாம், அதில் தப்பில்லை.

முப்பத்தெட்டாவது நகர்வில் இரண்டு வழிகள் தெரிந்தன. ராணிகளை வெட்டிக்கொண்டால் அரை சிப்பாய் அளவுதான் பின்னடைவு என்றது கணினி. ராணியைக் கொடுத்து யானையும் ஒரு சிப்பாயும் வாங்கினால் மைனஸ் மூன்று, அதாவது மூன்று சிப்பாய் அளவு பின்னடைவு. அவள் மனம் இரண்டாவதில் நின்றது.

சதுரங்கக் கிளப்பில் இதைக் கேட்டு சலூன்காரர் பால்தசார் சிரித்தார்.

"அரைக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியலையா? தக்காளி விதையையும் இப்படித்தான் எடை போடுறியா?"

"அந்த அரை மாசாமாசம் ஏறும். என் மந்திரி என் சிப்பாய்களுக்கு நடுவுலயே அடைஞ்சு கிடக்கு. இந்த மூணு, மூணாவே நிக்கும்."

"யாரு சொன்னா?"

"அதைத்தான் பாக்கணும்."

ஞாயிறு முழுக்க மரப்பலகையில் எதிராளியின் ராஜாவை அவளே எல்லாப் பக்கமும் நடத்திப் பார்த்தாள். அவள் யானைக்கு மாறி மாறி நிற்க இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் சிப்பாய்க் காவல். அந்த வரிசையை ராஜா தாண்ட முடியவில்லை. ஓர் ஓட்டை மட்டும் இருந்தது: ஓரத்துச் சிப்பாயை எவாரிஸ்தோ பலி கொடுத்தால்? அதைத் தின்னாமல் தன் ராஜாவை மூலைக்கு ஒதுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க மாலையாகிவிட்டது.

திங்களன்று நகர்வை அனுப்பினாள். எவாரிஸ்தோ ராணியை எடுத்துக்கொண்டு எழுதினார்: "நன்றி, சேஞோரா. அடுத்த ஆட்டத்துல பாக்கலாம்." அன்று அவள் கீரை விதை கேட்டவருக்கு முள்ளங்கி விதையைக் கட்டிக் கொடுத்தாள்.

ஏழு மாதம் யானை அங்குமிங்கும் போய் வந்தது. பிறகு அவள் பயந்தபடியே ஓரத்துச் சிப்பாய் வந்தது. அதைத் தின்னாமல் தன் ராஜாவை ஒதுக்கினாள். கணினியின் எண் மைனஸ் நாலரைக்குத் தாவியது. ஆனால் எண் அதற்கு மேல் ஏறவில்லை.

கடைசியில் எவாரிஸ்தோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நாலு வாரமா மெஷினை ஓட விட்டிருக்கேன். ஜெயிச்சுட்டேன்னு சொல்லுது, எப்படின்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. சமன்னு வெச்சுக்கலாமா, சேஞோரா?"

மூன்று நாள் அவள் பதில் போடவில்லை. அவகாசம் இருந்ததே! கணினி காய்களைச் சரியாகத்தான் எண்ணியிருந்தது. உள்ளே போக வழியில்லை என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள் சம்மதித்தாள்.

சனிக்கிழமை கிளப்பில் அதே நிலையைப் பலகையில் வைத்து, பால்தசார் ராணி உள்ள பக்கம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்தார். பிறகு காய்களை மறுபடி அதே இடங்களில் வைத்தார்.

"இன்னொரு தடவை ஆடு," என்றார்.